செகண்ட் ஹேண்ட் கிட்டார்: குறை கருவியிலா, கையிலா?

எஃப் கார்டு பிடிக்க வராமல் கிட்டாரை மூலையில் சாய்த்து வைத்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளின் மேலும் குறுக்காகப் படுக்கவைத்து அழுத்த வேண்டிய கார்டு அது. வாரக்கணக்கில் அழுத்தியும் இரண்டு கம்பிகள் ஊமையாகவே இருந்தால், "எனக்கு விரலில் பலம் பத்தாது", "கை சின்னது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்களில் பலருக்கு விரலில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கிட்டாரின் நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டில், கம்பிகள் இருக்க வேண்டிய உயரத்தைவிட மேலே உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க, கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கவ்வியான ஒரு கேப்போ போதும். முதல் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டுங்கள். அதே எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று சுலபமாகிவிட்டால் குறை நட்டில். அதன் பள்ளங்களைச் சிறு அரத்தால் ஆழப்படுத்துவது, வேலை தெரிந்தவருக்குக் கொஞ்ச நேர வேலைதான். கேப்போ போட்ட பிறகும் அதே கஷ்டம் இருந்தால், கழுத்தையோ, பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சாடிலையோ பார்க்க வேண்டும். அவையும் சரியாக இருந்தால்தான் கையின் மேல் பழி போடலாம்.

பழைய கிட்டார் வாங்கப் போகிறவருக்கு இந்தப் பிரித்தறிதல் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு படி மேலான கருவி கிடைக்கும். தெரியாவிட்டால், புதிதாக வாங்கினாலும் இதே மூலைதான்.

பழையது ஏன் நல்லது

நம் ஊரில் விற்பனைக்கு வரும் பழைய கிட்டார்களில் பாதிக்கு மேல் வாசித்துத் தேய்ந்தவை என்று நினைக்காதீர்கள். கல்லூரி முதல் வருடத்தில் ஆசையாக வாங்கி, ஹாஸ்டலைக் காலி செய்யும்போது விற்கப்படுபவை நிறைய. பிள்ளை இரண்டு கிரேடு எழுதியதோடு நிறுத்திவிட்டதால் பரணுக்குப் போனவை உண்டு. வெளிநாட்டு வேலை கிடைத்துக் கிளம்புகிறவர் கடைசி வாரத்தில் கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. இப்படி வருபவற்றில் ஃப்ரெட்டுகள் புதிதாகவே இருக்கும். கம்பி மட்டும் துருப்பிடித்திருக்கும்.

ஆனால் தேடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒரு நல்ல கடைக்குப் போய், சரியாக செட்டப் செய்த, அதாவது கழுத்தும் கம்பி உயரமும் திருத்தி வைத்த, புதுக் கிட்டாரைக் கையில் எடுத்துப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு, 1842-இல் தொடங்கி இன்றும் அண்ணா சாலையில் நடக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடை இருக்கிறது. மற்ற ஊர்களில், வாசிக்கிறவர் ஒருவரின் கிட்டாரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சரியான கிட்டார் விரலுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு முறையாவது தெரிந்துகொள்ளாமல் பழையதைப் பார்க்கப் போனால், கையில் அளவுகோலே இருக்காது.

நைலானா ஸ்டீலா என்பதையும் அப்போதே தீர்மானித்துவிடுங்கள். டிரினிட்டி காலேஜ் லண்டனின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வு எழுதப் போகிறவருக்கு நைலான் கம்பி போட்ட கிட்டார் வேண்டும். சினிமாப் பாட்டும் கார்டுகளும் வாசிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஸ்டீல் கம்பிக்குத்தான் போகிறார்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே வேறு வேறு. நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். 12-53 அளவு ஸ்டீல் கம்பிகளோ 70 கிலோவைத் தாண்டும். நைலானுக்காகச் செய்த கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டிய பழைய கருவிகள் சந்தையில் நிறையவே கிடைக்கின்றன. அவற்றின் முன்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் புடைத்திருக்கும். பிரிட்ஜே ஒரு பக்கம் பிய்ந்து எழும்பியிருக்கும். விலை எவ்வளவு குறைத்தாலும் அதைத் தொடாதீர்கள்.

பார்க்கப் போகும்போது

பகல் வெளிச்சத்தில் போங்கள். ஒரு நீளமான ஸ்டீல் ஸ்கேல், மில்லிமீட்டர் போட்ட சின்ன ஸ்கேல், கேப்போ, செல்போனில் ஒரு ட்யூனர், ஒரு துண்டுத் தாள், கூடவே ஒரு புதுக் கம்பி செட் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி செட் எதற்கு என்று தோன்றும். துருப்பிடித்த கம்பி சுருதியில் நிற்காது, பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலும் பொய் சொல்லும். "அண்ணா, கம்பி என் செலவு. மாத்திட்டு வாசிச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். மறுக்கிறவரிடம் அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை.

முதலில் கழுத்தைப் பாருங்கள். இதில் அதிக நேரம் செலவிடுங்கள், ஏனென்றால் பழைய கிட்டாரின் விலையை உண்மையில் தீர்மானிப்பது கழுத்துதான். தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஃப்ரெட்டுகளின் ஓரத்தைப் பார்த்தால், கழுத்து முறுக்கியிருந்தால் தெரியும். ஒரு பக்கம் நேராகவும் மறு பக்கம் வளைந்தும் இருந்தால் அது முறுக்கு. அதைச் சரிசெய்யச் சொன்னால் ரிப்பேர்காரரே வேண்டாம் என்பார்.

முறுக்கு இல்லையென்றால் அடுத்தது வளைவு. ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்தும் உடலும் சேருமிடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். அக்கூஸ்டிக்கில் அது பெரும்பாலும் பதினான்காம் ஃப்ரெட். இப்போது ஏழாவது ஃப்ரெட்டின் மேல் கம்பிக்குக் கீழே இடைவெளி இருக்கிறதா? ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன், அதாவது சுமார் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. அதற்கு மேல் இருந்தால் கழுத்து கம்பியின் இழுப்புக்கு முன்னோக்கி வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் பின்னோக்கி வளைந்திருக்கலாம். அப்போது கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும்.

இந்த இரண்டையும் ட்ரஸ் ராட் சரிசெய்யும். கழுத்துக்குள் நீளவாக்கில் ஓடும் இரும்புக் கம்பி அது. கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ 1920-களில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்று ஸ்டீல் கம்பிக் கிட்டார்களில் இது வழக்கமாக இருக்கும். பல கிளாசிக்கல் கிட்டார்களில் இருக்காது. வாங்கும் முன் அதைத் திருப்ப முடிகிறதா என்று விற்பவரைவிட்டே லேசாகத் திருகிக் காட்டச் சொல்லுங்கள். கடைசி வரை முறுக்கி இறுகிக் கிடக்கிறதென்றால் அடுத்த வீட்டைப் பார்க்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் சின்னச் செலவில் முடியும். பெரிய செலவு கழுத்தின் கோணத்தில் இருக்கிறது. கம்பியின் இழுப்பு வருடக்கணக்கில் கழுத்தை மேலே தூக்கும். நீளமான ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வைத்து, பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். ஸ்கேலின் நுனி பிரிட்ஜின் மேல்பரப்பைத் தொட்டோ அதற்குச் சற்று மேலாகவோ நிற்க வேண்டும். நுனி பிரிட்ஜின் முன்சுவரில் முட்டி நின்றால் கழுத்து கோணம் மாறியிருக்கிறது. சாடிலைப் பாருங்கள்: கம்பியைத் தாழ்த்த யாரோ அதைத் தேய்த்துத் தேய்த்து, பிரிட்ஜுக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லாமல் செய்திருப்பார்கள். அதற்கு மேல் தாழ்த்த இடமே கிடையாது. ஒட்டிய கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்துவது விலையுயர்ந்த கிட்டாருக்குத்தான் கட்டுப்படியாகும். சாதாரண கிட்டாருக்கு அந்தச் செலவு அதன் விலையையே தாண்டிவிடும்.

கம்பியின் உயரத்தை, அதாவது ஆக்ஷனை, அளக்கப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்குப் போங்கள். ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்கில் ஆறாவது கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர், முதல் கம்பிக்கு 2 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் வாசிக்க இதமாக இருக்கும். நைலானில் 3 முதல் 4 வரை சகஜம். கூடுதலாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், சாடிலில் தேய்க்க இடமிருந்து கழுத்தின் கோணம் சரியாக இருந்தால் போதும். ஆக்ஷன் உயரமாக இருப்பதாலேயே யாரும் எடுக்காத ஒரு நல்ல கிட்டார்தான், விவரம் தெரிந்தவர் வாங்க வேண்டியது.

இனி சின்னச் சின்ன விஷயங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. சவுண்ட் ஹோல் வழியாக டார்ச் அடித்து உள்ளே விரிசலோ, ஒட்டுப் போட்டதன் அடையாளமோ இருக்கிறதா பாருங்கள். பலகையை உள்ளே தாங்கும் மரச்சட்டமான பிரேஸ் ஒட்டு விட்டுத் தொங்கினால், விரலால் தட்டினாலே சத்தம் காட்டிக்கொடுக்கும். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பிக்குக் கீழே குழி விழுந்திருந்தால் கிட்டார் நன்றாக வாசிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். லேசான குழியை மட்டம் செய்யலாம், ஆழமானால் ஃப்ரெட் மாற்ற வேண்டும். ட்யூனிங் கீ லொடலொடவென்று ஆடுவதெல்லாம் பெரிய குறை அல்ல, ஒரு செட் மாற்றிவிட்டால் போயிற்று.

கடைசியாகச் சுருதி. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு ஹார்மோனிக் எழுப்புங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்தும்போது தெளிவாக மேலே போனாலோ கீழே இறங்கினாலோ, கார்டுகள் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் கிட்டார் அபசுரமாகவே கேட்கும். நம் ஊரில் செய்த சில பழைய கிட்டார்களில் கம்பிகள் உடலின் அடிப்பக்கத்து உலோகத் தகட்டில் மாட்டியிருக்கும், பிரிட்ஜ் ஒட்டப்படாமல் கம்பியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும். அதில் சுருதி தப்பினால் கவலையே வேண்டாம், பிரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் சரியாகிவிடும்.

இவ்வளவும் முடிந்த பின் கம்பிகளைத் தனித்தனியாகச் சொடுக்கும் ஒரு பகுதியை வாசியுங்கள். 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' கிட்டாரை வாசிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வகுப்புக்கு வருகிறவர்கள் இன்றும் உண்டு. அப்படிப்பட்ட விரல்நடைதான் சரியான சோதனை. மொத்தமாகத் தடவி வாசித்தால் ஒரு கம்பியின் இரைச்சலை மற்ற ஐந்தும் மறைத்துவிடும். தனித்தனியாக எழுப்பும்போது மறைக்க இடமில்லை.

மரமும் காற்றும்

சவுண்ட் ஹோலின் விளிம்பை உற்றுப் பாருங்கள். முன்பலகையின் மரவரிகள் விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது ஒரே பலகை, அதாவது சாலிட். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ப்ளைவுட். சாலிட் பலகையின் நாதம் நன்றாக இருக்கும், வருடம் ஆக ஆக இன்னும் திறக்கும் என்று வாசிக்கிறவர்கள் சொல்வதை நானும் நம்புகிறேன். ஆனால் கடலோர ஊரில் முதல் கிட்டார் வாங்குகிறவருக்கு நல்ல ப்ளைவுட் போதும் என்பது என் உறுதியான கருத்து. தயாரிப்பாளர்கள் கேட்கும் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னையிலும் தூத்துக்குடியிலும் காற்று பெரும்பாலும் அதைவிட ஈரமாகத்தான் இருக்கும். ஈரம் குடித்த சாலிட் பலகை உப்பும், பிரிட்ஜ் மேலே ஏறும், கம்பி உயரும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் அதே பலகை காய்ந்து சுருங்கும். ப்ளைவுட்டும் இதையெல்லாம் உணரும், ஆனால் அந்த அளவுக்கு அல்ல.

அதனால் மழைக்காலத்தில் பார்த்த கிட்டாரின் ஆக்ஷன் கொஞ்சம் உயரமாக இருந்தால் உடனே தள்ளிவிடாதீர்கள். கொடைக்கானலிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்த கிட்டாரை, இங்கே வந்து இரண்டு வாரம் ஓய்ந்த பிறகு செட்டப்புக்குக் கொடுங்கள். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டும் எந்தக் கிட்டாரையும் விடாதீர்கள். பசை இளகினால் பிரிட்ஜ் எழும்பும்.

"பாடி ரோஸ்வுட், தம்பி" என்று விலையை ஏற்றுகிறவர்கள் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான் உலகம் முழுக்க இந்தியன் ரோஸ்வுட் என்று கிட்டார்களில் போகிறது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு 1960-களின் கடைசியில் இதற்கு மாறியது. மதிப்புள்ள மரம்தான். ஆனால் முன்பலகைதான் நாதத்தை அதிகம் தீர்மானிப்பது. பக்கமும் முதுகும் என்ன மரம் என்பதற்காக மட்டும் பணம் கூட்டிக் கொடுக்காதீர்கள். வெளிநாடு எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனங்கள் எல்லாம் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. அது 1992 முதலே கடுமையான பட்டியலில் இருக்கிறது.

எலெக்ட்ரிக் வாங்குகிறவருக்கு

எலெக்ட்ரிக் கிட்டாரைச் சரிசெய்வது சுலபம். ஃபெண்டர் வகைகளில் கழுத்து ஸ்க்ரூவில் மாட்டியிருப்பதால், கோணம் தப்பினாலும் இடையில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம். நாப் திருப்பும்போது கரகரவென்றால் காண்டாக்ட் க்ளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். ஒவ்வொரு பிக்அப்பையும் சுவிட்சில் மாற்றி மாற்றி, ஆம்ப்ளிஃபயரில் போட்டுக் கேளுங்கள். ஆம்ப் இல்லாத வீட்டில் எலெக்ட்ரிக் வாங்காதீர்கள்.

கை சின்னது என்று கவலைப்படுகிறவர்கள் ஸ்கேல் நீளத்தைக் கவனியுங்கள். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நட்டிலிருந்து சாடில் வரை 25.5 அங்குலம். கிப்சன் லெஸ் பாலில் ஏறத்தாழ 24.75 அங்குலம். முக்கால் அங்குலம்தான், ஆனால் ஃப்ரெட்டுகள் நெருங்குகின்றன, அதே கம்பி கொஞ்சம் தளர்வாக நிற்கிறது. விரலுக்கு அது நன்றாகவே தெரியும்.

பெரிய பெயர் போட்டு மலிவாக வரும் கிட்டாரைச் சந்தேகியுங்கள். போலி கிப்சன்கள் நிறையச் சுற்றுகின்றன. தலையில் ட்ரஸ் ராடை மூடும் சின்னத் தகட்டை அசல் கிப்சனில் இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கும். மூன்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டே இருப்பதால் மட்டும் அசல் என்றும் நம்பிவிடாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. மாற்றும் வசதி இல்லாத ஆம்பை நேராகச் செருகினால் அது அன்றோடு முடிந்தது. ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மரின் விலையையும் கணக்கில் சேருங்கள். பெடல்களிலும் இப்படித்தான். பாஸ் உள்பட பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு அடாப்டரைச் செருகிச் சோதிக்காதீர்கள். 9 வோல்ட் பேட்டரி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனால் பேட்டரி ஏற்கும் பெடலை அதிலேயே சோதித்துவிடலாம்.

விலை பேசும்போது செட்டப் கூலி, புதுக் கம்பி, மாற்ற வேண்டிய பாகம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். "இந்தக் கீயை மாத்தணும், ஃப்ரெட்டை மட்டம் பண்ணணும், அதைக் கழிச்சுக்கிட்டா வாங்கிக்கறேன்" என்று காரணத்தோடு கேட்டால் விற்பவர் கோபப்பட மாட்டார். உங்கள் பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிட்டு, செட்டப்புக்கு மிச்சமில்லாமல் வீடு திரும்பாதீர்கள். செட்டப் செய்த சாதாரண கிட்டார், செட்டப் செய்யாத நல்ல கிட்டாரைவிட உங்களை வேகமாக வளர்க்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கிட்டாரைப் பையில் போட்டு பீரோவுக்கு மேல் வைக்காதீர்கள். கண்ணில் படும் இடத்தில், வெயிலும் ஏசிக் காற்றும் நேராகப் படாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜிப்பைத் திறக்கும் சோம்பலிலேயே பல நாள் பயிற்சி போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் இருபது நிமிடம் வாசிப்பவர் வேகமாக முன்னேறுவதை எந்த வகுப்பிலும் பார்க்கலாம். விரல்நுனி காய்த்துப் போவதும் அந்த தினசரி வாசிப்பில்தான்.

அந்த இருபது நிமிடத்தை முதல் மாதம் இப்படி வையுங்கள். இரண்டு கார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், சி-யும் ஜி-யும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுத்தமாக மாற முடிகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். பிறகு மெட்ரோனோமை 60-இல் வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு மாற்றம். விரல் தடுமாறினால் வேகத்தை இன்னும் குறையுங்கள். தடுமாறியபடியே வேகமாக வாசித்தால், அந்தத் தடுமாற்றத்தையே கை மனப்பாடம் செய்துவிடும். இது என் மாணவர்களிடம் நான் சலிக்காமல் சொல்வது. மிச்ச நேரத்தில் உங்களுக்குப் பிடித்த பாட்டை வாசியுங்கள். அது இல்லாமல் யாரும் நீடிப்பதில்லை.

எண் ஏறாமல் நின்றுவிட்டால் உடனே புதுப் பெடலோ புதுக் கிட்டாரோ தேடத் தொடங்க வேண்டாம். முதலில் நோட்டைப் பாருங்கள்: தினமும் வாசித்திருக்கிறீர்களா? ஆம் என்றால் கம்பியைப் பாருங்கள். வியர்க்கும் கைக்கும் உப்புக் காற்றுக்கும் கம்பி சீக்கிரம் கறுக்கும், சொரசொரக்கும், சுருதியை விடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் சுற்றித் துடைத்தால் கொஞ்சம் கூட உழைக்கும். கோட்டிங் உள்ள கம்பி விலை கூடுதல், ஆனால் கடலோர ஊரில் அது கட்டுப்படியாகும். 12-இல் தொடங்கும் செட் விரலை வருத்தினால் 11-க்கோ 10-க்கோ இறங்குங்கள். அது தோல்வி இல்லை. கம்பியும் சரி என்றால், கேப்போ சோதனையை மறுபடி செய்யுங்கள். மழைக்காலம் வந்து ஆக்ஷன் ஏறியிருக்கலாம்.

செட்டப் செய்தபோது கழற்றிய பழைய நட், சாடில், கீ எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். கவரின் மேல் தேதி, கம்பியின் அளவு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அளந்த உயரம் மூன்றையும் எழுதுங்கள். அடுத்த முறை ஏதாவது கடினமாகத் தோன்றும்போது அதே இடத்தில் மறுபடி அளந்து, எழுதியதோடு ஒப்பிடுங்கள். நீங்கள் இந்தக் கிட்டாரை விற்கும் நாளில் அந்தக் கவரையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குகிறவர் ஸ்கேலோடு வந்திருந்தால் அதன் மதிப்பு அவருக்குத் தெரியும்.